கல்லீரலுக்கு மணி கிடையாது

மார்ச் 9, திங்கள். காலை 6.40. வயிற்றில் போட்ட துளைகள்: ஐந்து. வெட்டி எடுத்தது: பூஜ்யம்.

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் கத்துவேன், நீ அழுவாய், மாமா நடுவில் புகுந்து "சரி, விடுங்க ரெண்டு பேரும்" என்பார். அதனால் எழுதுகிறேன். கூரியரில் வரும். உங்கள் வாட்ச்மேன் மேலே கொண்டுவந்து தருவார்.

நீ ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, ஆகவே நடந்தது உனக்குத் தெரியாது. சொல்கிறேன். மயக்கம் கொடுத்தார்கள். துளை போட்டு உள்ளே கேமராவை விட்டார்கள். என் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுக்க வேண்டும், அதுதான் ஆபரேஷன். ஆனால் இரைப்பையின் மேல் கல்லீரல் கவிழ்ந்து கிடக்கிறது. அதை ஒரு கம்பியால் தூக்கிப் பிடித்தால்தான் கத்தி உள்ளே போகும். என் ஈரலைத் தூக்க முடியவில்லை. அவ்வளவு பெரிது. அவ்வளவு மெத்து. இன்னும் கொஞ்சம் தூக்கினால் கிழிந்து ரத்தம் கொட்டும் என்று டாக்டர் கம்பியை இறக்கிவிட்டார். தைத்தார். மூடினார். அனுப்பிவிட்டார்.

மறுநாள் படத்தைக் காட்டினார். "ஈரல்னா கருஞ்சிவப்பா இருக்கணும் தம்பி. இது என்ன கலர் சொல்லுங்க?" மஞ்சள், அக்கா. வெண்ணெய்க் கட்டியை நிழலில் வைத்த மாதிரி மஞ்சள்.

இது நடக்கக் கூடாது என்றுதான் ஆபரேஷனுக்கு முன்னால் பதினாலு நாள் வெறும் தண்ணீர்ச் சாப்பாடு. எண்ணெய் இல்லை, மாவு இல்லை, சர்க்கரை இல்லை. அப்படி இருந்தால் ஈரல் தன்னிடம் சேர்ந்த கொழுப்பையே எரித்துச் சுருங்கும். ஆஸ்பத்திரி உன் ஊரில். அதனால் உன் வீட்டில் தங்கினேன். மூன்று வேளையும் சூப் வைத்தவள் நீ.

லிஃப்ட் நின்றுவிட்டால், பழுது பார்க்கிற நாங்கள் யாரையும் திட்டுவதில்லை. மின்சாரம் வருகிறதா, கதவு மூடுகிறதா, கயிறு சரியா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவோம். கடைசியில் மிஞ்சுவதுதான் பழுது. நான் வெளியில் எதுவும் வாங்கித் தின்னவில்லை. ஒரு பிஸ்கட்கூட இல்லை. மருந்தில் கொழுப்பு இல்லை. மிஞ்சியது சூப். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன உன் பிளாஸ்க் என் பையிலேயே வந்துவிட்டது. அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கிண்ணத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் மேலே வெள்ளையாக ஒரு தட்டு. விரலால் தட்டினேன். டக் என்று சத்தம் கேட்டது.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. ஏன் என்று மட்டும் சொல்.

இன்னொன்று. மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் என் பை உட்கார்ந்திருந்தது. நீ இல்லை.

தம்பி


மார்ச் 14

டேய் இன்ஜினியர் துரை,

கடிதம் வந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த மாதிரி இருந்தது. மாமா படித்துவிட்டு, "உன் தம்பி கைரேகை எல்லாம் எடுத்திருப்பான் போல" என்றார். நான் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள். உன் விசாரணைக்கு உதவும்.

ஆமாம், வெண்ணெய் போட்டேன். வேளைக்கு ஒரு கரண்டி. நீ குளிக்கப் போகிற நேரம் பார்த்துப் போட்டு, நன்றாக அடித்துக் கலக்கிவிடுவேன், மேலே மிதக்காது. போதுமா?

நாலாம் நாள் நீ எப்படி இருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாய். டிவியில் எவனோ ரொட்டி கடித்ததைப் பார்த்து சேனலை மாற்றினாய். கண்ணில் தண்ணீர். "தூசு" என்றாய். எந்த அக்காடா அதைப் பார்த்துக்கொண்டு வெந்நீரை ஊற்றிக் கொடுப்பாள்? ஒரு கரண்டி வெண்ணெயால் ஒருவன் ஈரல் இப்படி ஆகிவிடுமா? நீ பிறந்ததிலிருந்து தின்றதெல்லாம் கணக்கில் வராதாம், என் கரண்டி மட்டும் வருமாம். எரிகிற வீட்டில் தண்ணீர் ஊற்றினவளைப் பிடித்துக்கொண்டு "நீதான் வீட்டை நனைத்தாய்" என்கிற கதை.

ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்றால், முட்டிவலி. நாலு மாடி. உனக்குத் தெரியாதா என்ன.

பிளாஸ்க்கைத் திருப்பி அனுப்பு. அது செட்டில் ஒன்று.

அக்கா


மார்ச் 18

அக்கா,

வெண்ணெய் எரிகிற வீட்டில் ஊற்றின தண்ணீர் இல்லை. எண்ணெய். உவமையையாவது சரியாகச் சொல்.

பழைய சாப்பாடு கணக்கில் வரும். வராது என்று நான் சொல்லவே இல்லை. அதனால்தான் ஈரல் இந்த நிலைக்கு வந்தது. ஆனால் அந்தப் பதினாலு நாள் மட்டும் கொழுப்பு உள்ளே போகாமல் இருந்தால் போதும், அது இறங்கத் தொடங்கும். நீ ஒவ்வொரு வேளையும் திரும்ப ஏற்றிவிட்டாய்.

உனக்குப் புரியவில்லை என்பதால் நேராகச் சொல்கிறேன். ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் முதலில் வீங்கும். பிறகு புண்ணாகும். பிறகு தழும்பு விழும். தழும்புக்கு நாலு நிலை. நான் மூன்றில் இருக்கிறேன். நாலாவது நிலையை நீயும் நானும் பார்த்திருக்கிறோம், அப்பாவின் வயிற்றில். அப்பா சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. ஆனாலும் கடைசிவரை எல்லாரும் "எவ்வளவு நாளா குடிக்கிறார்?" என்றுதான் கேட்டார்கள். என்னையும் டாக்டர் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கத்திவிட்டேன்.

எடை இறங்கினால் கொழுப்பு போய்விடும், புண் ஆறும், பல பேருக்குத் தழும்புகூட மெதுவாகக் கரையும் என்கிறார். நாலுக்குப் போய்விட்டால் இந்த ஆபரேஷனே ஆபத்து. ஏப்ரல் 27 அன்று மறுபடி நாள் கொடுத்திருக்கிறார். "இந்தத் தடவையும் ஈரல் இறங்கலேன்னா என்கிட்ட வராதீங்க" என்றார். அதனால் இந்தத் தடவை முந்தின பதினாலு நாளும் டப்பாப் புரதப் பவுடரைக் கரைத்துக் குடிக்கப்போகிறேன். லாட்ஜில் ரூம் போடுகிறேன். உன் சமையல் வேண்டாம்.

வேலையைப் பற்றி மாமா போனில் கேட்டார். சொல்கிறேன். லிஃப்ட் பெட்டிக்கு மேலே ஏறித்தான் பாதி வேலை. ஏறும் வழி என் இடுப்பைவிடச் சின்னது. போன மாதம் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று நின்றேன். கீழேயிருந்து இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன், "அண்ணே, லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா உங்களைக் கூப்பிடுவோம். நீங்க மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடுறது?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். மறுநாள் என்னை ஜன்னல் இல்லாத ஒரு அறையில் போனுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஊரில் எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டு மணி அழுத்தினாலும் எனக்கு அடிக்கும். "பயப்படாதீங்க. காத்து வரும். கதவைத் தள்ளாதீங்க. ஆள் வந்துட்டிருக்கு." நாள் முழுக்க இதே நாலு வரி. போனை வைத்தால் நாற்காலியின் இரண்டு கையும் இடுப்பைக் கவ்விக்கொண்டிருக்கும். எழுந்தால் அதுவும் கூட வரும்.

உன் முட்டிவலி பொய். வீட்டுக்குள் பம்பரமாகச் சுற்றினாய், ஸ்டூல் மேல் ஏறிப் பரணில் பாத்திரம் எடுத்தாய். நாலு மாடிக்கு உங்களிடம் லிஃப்ட் இருக்கிறது. நான் தினமும் அதில்தான் வந்து போனேன். ஆனால் நான் இருந்தவரை நீ ஒருநாள்கூடக் கீழே இறங்கவில்லை. பாலை வாட்ச்மேன் கொண்டுவந்தார். காய்கறியை மாமா கொண்டுவந்தார். துணி தைக்கிறவள் வீட்டுக்கே வந்தாள்.

ஏன்?

தம்பி


மார்ச் 25

தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்தேன். இது நாலாவது.

நீ மணியைப் பற்றி எழுதியிருந்தாயே. எங்கள் லிஃப்டிலும் ஒரு மணி இருக்கிறது. நீ பதில் சொல்கிற மணி இல்லை. வேறொன்று. பாரம் அதிகமானால் அதுவாகவே அடிக்குமே, அது.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு சாயங்காலம். கடைக்குப் போய்விட்டு வந்தேன். கீழே லிஃப்ட் திறந்து நின்றது. உள்ளே ஆட்கள். மூணாம் மாடி டீச்சர், "வாங்க வாங்க, இடம் இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஏறினேன். மணி அடித்தது. கதவு மூடவில்லை. எல்லாரும் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், கடைசியில் என்னைப் பார்த்தார்கள். டீச்சரின் சின்னப் பெண் கேட்டாள்: "அம்மா, ஆன்ட்டி இறங்கினா நின்னுடுமா?" நான் இறங்கினேன். நின்றுவிட்டது.

அந்தக் குழந்தை கைதட்டினாள், தம்பி. கண்டுபிடித்துவிட்டாள் இல்லையா.

"அடுத்த தடவை வரேன், நீங்க போங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். லிஃப்ட் போனதும் படியில் ஏறினேன். இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன். மாமா வந்து தேடிப் பிடித்தார். அதற்குப் பிறகு நான் இறங்கவில்லை. முதலில் நாளைக்கு என்றிருந்தேன். பிறகு அடுத்த வாரம் என்றிருந்தேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. தனியாக ஏறினால் அடிக்காது என்று மாமா சொல்கிறார். நடுவில் யாராவது ஏறினால்? ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்குமே.

பால்கனியிலிருந்து தெருவைப் பார்ப்பேன். எதிர்க் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றினார்கள், எல்லாம் மேலேயிருந்து தெரியும். எல்லாருடைய உச்சந்தலையும் எனக்கு அத்துபடி. முகம்தான் மறந்துபோகிறது.

இனி வெண்ணெய்க்கு வருகிறேன். பசியைப் பார்க்கப் பொறுக்காமல் போட்டேன் என்று எழுதியிருந்தேன். அது பாதி உண்மை. சின்ன வயதில் தெருவில் நம்மை "இரட்டை மூட்டை" என்பார்களே. நீ ஒரு மூட்டை, நான் ஒரு மூட்டை. நீ பக்கத்தில் நின்றால் எனக்குப் பாரம் தெரியாது. ஏழாம் நாள் உன் பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனதை நீ வந்து காட்டினாய். குழந்தை மாதிரி சிரித்தாய். நான், "சூப்பர்டா" என்றேன். உள்ளே போய் அன்றைக்கு இரண்டு கரண்டி போட்டேன்.

நீ மெலிந்துவிட்டால் அந்தப் பட்டம் எனக்கு மட்டும்தான். உன் ஆபரேஷன் நடக்கக் கூடாது என்று நினைக்கவில்லை. நடந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று ராத்திரி தோன்றுகிறது, காலையில் தோன்றவில்லை.

உன் ஆபரேஷன் அன்று புடவை மாற்றி, பை எடுத்து, லிஃப்ட் முன்னால் வந்து நின்றேன். கதவு திறந்தது. உள்ளே மூன்று பேர். "கீழே போறீங்களா?" என்றார்கள். "இல்லை, மேலே" என்றேன். எங்களுக்கு மேலே மொட்டைமாடிதான்.

திட்டு. பதில் எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


மார்ச் 28

அக்கா,

திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டவர்களிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "உள்ளே எத்தனை பேர்?" அதைத்தான் கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

அன்றைக்கு லிஃப்டில் யார் யார்? ஒவ்வொருவரும் என்ன எடை இருப்பார்கள்? பை, மூட்டை ஏதாவது இருந்ததா? பெட்டிக்குள் பளபளவென்று ஒரு கல் தரை இருக்கிறதே, அதை எப்போது போட்டார்கள்?

கடைசிக் கேள்வி. உன் எடை என்ன? குத்துமதிப்பு வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 2

உனக்கு இதயம் இருக்கிற இடத்திலும் ஏதாவது மோட்டார்தான் இருக்கிறதா? என் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததை எழுதினால், கல் எப்போது போட்டார்கள் என்று கேட்கிறாய்.

இரண்டு நாள் பதில் எழுதக் கூடாது என்றிருந்தேன். மாமாதான், "அவன் சும்மா கேக்க மாட்டான், எழுது" என்றார்.

டீச்சர் 60 இருப்பாள். அவள் வீட்டுக்காரர் 80. பிள்ளைகள் ஒன்று 30, சின்னது, கைதட்டினதே அது, 25. முதல் மாடிப் பெரியவர் 65. எல்லார் பையும் சேர்த்து 20 வைத்துக்கொள்.

கல் அந்த வாரம்தான் போட்டார்கள். குடியிருப்போர் சங்கத்தின் ஏற்பாடு. கூடவே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அன்றைக்கு எல்லாரும் ஒன்றாக ஏறினதே அந்த அழகைப் பார்க்கத்தான். கண்ணாடியில் என்னை இரண்டு தடவை பார்த்தார்கள்.

கடைசிக் கேள்விக்காகக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த எடை மிஷினை இழுத்தேன். தூசு தட்டினேன். மாமாவை வெளியே அனுப்பிவிட்டு ஏறினேன். குனிந்தால் வயிறுதான் தெரிகிறது, எண் தெரியவில்லை. போனில் படம் எடுத்துப் பார்த்தேன்.

121.

இந்த எண் மாமாவுக்கும் தெரியாது. இதை வைத்து என்ன செய்யப்போகிறாயோ செய்.

அக்கா


ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

உங்கள் லிஃப்ட் எட்டுப் பேருக்கானது. ஆளுக்கு 68 கிலோ. மொத்தம் 544. அந்தத் தகடு கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள், பைகள், உன்னையும் சேர்த்து 401. இன்னும் 143 கிலோ பாக்கி.

என் எடை 143. நானும் ஏறியிருக்கலாம். மணி அடித்திருக்கக் கூடாது.

ஆனால் அடித்தது. ஏன் தெரியுமா? பெட்டிக்கு அடியில் பாரத்தை அளக்கிற கருவி ஒன்று உண்டு. காலிப் பெட்டியை வைத்து அதற்கு "இதுதான் பூஜ்யம்" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் சங்கத்துப் புத்திசாலிகள் கல்லும் சிமெண்டும் கண்ணாடியும் ஏற்றிவிட்டு, அதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். நூற்றைம்பது கிலோவாவது இருக்கும். பாவம், கருவிக்குக் கல் எது, ஆள் எது என்று தெரியாது. 401-உடன் 150-ஐக் கூட்டு. அடிக்காமல் என்ன செய்யும்? எட்டு மாதமாகத் தரைக் கல்லை நீ சுமந்துகொண்டிருக்கிறாய்.

உனக்காகப் பொய் சொல்லமாட்டேன். நீ ஏறாமல் இருந்திருந்தால் அது அடித்திருக்காது. ஆனால் நீ முன்னால் ஏறி, டீச்சர் வீட்டுக்காரர் கடைசியில் ஏறியிருந்தால், அவருக்கு அடித்திருக்கும். அந்தக் குழந்தை, "அப்பா, நீங்க இறங்குங்க" என்று கைதட்டியிருக்கும். அவர் எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருப்பாரா?

நானும் தினமும் அந்தக் கல் மேல் நின்றேன். பெட்டி கிளம்பும்போது ஒரு முக்கல் கேட்டது. லிஃப்ட் பார்ப்பதே பிழைப்பாக உள்ளவன், பசி மயக்கத்தில் காதில் வாங்காமல் போய்விட்டேன்.

இப்போது உனக்குப் பிடிக்காததை எழுதுகிறேன். அந்த மணி பொய் சொன்னது. அதனால் 121 பொய்யாகிவிடாது. அப்பாவின் ஈரல் எனக்கு வந்திருக்கிறது என்றால் உனக்கு ஏன் வந்திருக்காது? வலிக்கவில்லை என்று சொல்வாய். எனக்கும் வலித்ததில்லை. அப்பாவுக்கும் வயிறு வீங்குகிற வரை வலித்ததில்லை. கல்லீரலுக்கு மணி கிடையாது, அக்கா. பாரம் ஏற ஏறப் பேசாமல் சுமக்கும். ஒருநாள் கயிறு அறும்.

நான் மெலிந்தால் நீ தனி மூட்டை ஆகிவிடுவாய் என்று எழுதியிருந்தாய். நான் அவ்வளவு பேசத் தெரிந்தவன் இல்லை. செய்யப்போவதை மட்டும் எழுதுகிறேன்:

1. நாளைக் காலை உங்கள் லிஃப்டைப் பராமரிக்கிற கம்பெனிக்குப் போன் செய்வேன். எடைக் கட்டிகளோடு சனிக்கிழமை வரச் சொல்வேன். "ஃபைன்தான் சார், ஓடுது" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். விடமாட்டேன்.

2. வெள்ளி சாயங்காலம் பஸ் ஏறுவேன். வழக்கம்போல இரண்டு சீட்டு.

3. கருவியைச் சரிசெய்ததும் பெட்டியின் நடுவில் நான் நிற்பேன். 143 என்று காட்டுகிறதா பார்ப்பேன். காட்டும்வரை யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.

4. நாலாம் மாடிக்கு வந்து உன் கதவைத் தட்டுவேன். நீ திறக்காவிட்டால் வெளியே உட்கார்ந்திருப்பேன். "பயப்படாதே, காற்று வரும்" என்ற நாலு வரியையும் சொல்வேன். எனக்கு வேறு வரி தெரியாது.

5. முதலில் நீ தனியாக இறங்கு. பிறகு என்னோடு. பிறகு டீச்சர் குடும்பத்தைக் கூப்பிட்டு எல்லாரும் சேர்ந்து. அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்கி எடை எண்ணைக் காட்டுவேன். கைதட்டினால் தட்டட்டும்.

6. திங்கட்கிழமை உன் ஈரலுக்கு ஸ்கேன். பத்து நிமிஷ வேலை, ஊசி இல்லை. என்ன வந்தாலும் அந்தக் காகிதத்தை நான்தான் முதலில் படிப்பேன். அப்படியே சொல்வேன், சர்க்கரை தடவாமல்.

7. லாட்ஜ் ரூமை ரத்து செய்துவிட்டு உன் வீட்டில் தங்குவேன். 13-ஆம் தேதியிலிருந்து பவுடரை நானே கரைப்பேன். வெண்ணெய் டப்பாவை மாமா ஆபீசுக்கு எடுத்துப்போக வேண்டும். பிளாஸ்க்கைத் திருப்பித் தருவேன், கழுவிவிட்டேன்.

8. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டு நர்ஸிடம் கை இல்லாத நாற்காலி ஒன்று கேட்டு வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவைப்பேன். பையைக் கீழே வைப்பேன். மயக்கம் தெளிந்ததும் முதலில் அந்தப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பேன்.

தம்பி